மூணாவது டிஸ்க்கும் அஞ்சு மணி வெந்நீரும்

நீலகிரியில குடும்பம் நடத்தறவங்களுக்கு ஒரே ஒரு பிரச்சனைதாங்க. காலையில மொதல்ல யாரு எந்திரிக்கறது.

மத்ததெல்லாம் பேசித் தீத்துக்கலாம். மாமனார் ஊட்டுக்கு எப்போ போறது, பொண்ணை எங்க படிக்க வெக்கறது, டிவியில எதைப் பாக்கறது, எல்லாத்துக்கும் ஒரு சமாதானம் உண்டு. ஆனா நவம்பர் கடைசியில, வெளிய புல்லு மேல பனி வெள்ளையா உறைஞ்சு கெடக்கும்போது, அஞ்சு மணிக்குக் கம்பளிக்குள்ளருந்து ஒரு காலை வெளிய எடுத்து வெக்கணும் பாருங்க, அது யாரு காலுங்கறதுக்குச் சமாதானமே கெடையாது. எங்க ஊட்டுல இருபது வருசமா அது என் சம்சாரம் ரஞ்சனியோட காலு.

ஊட்டுல கீசர் இல்லையான்னு கேப்பீங்க. கீசர் இருக்கு, வோல்டேஜ்தான் இல்லை. ஒரு மணி நேரம் போட்டு வெச்சா தண்ணி கொஞ்சம் யோசிக்கும், அவ்வளவுதான். அதனால கொல்லையில செம்புப் பாய்லர். ஈர வெறகை அடுக்கணும், ஊதணும், புகையில அழுவணும், அப்புறம்தான் தண்ணி காயும். இத்தனையும் ரஞ்சனி செஞ்சு முடிச்சு, ஒரு பக்கெட்டை நெரப்பி வெச்சுட்டு, "ஏனுங்க"ன்னு ஒரு சத்தம் குடுப்பா. நான் மகாராசனாட்டம் எந்திரிச்சுப் போயிக் குளிப்பேன்.

என் பேரு மனோகரன். அருவங்காட்டுக்கு மேல ஒரு எஸ்டேட்டுல டீ ஃபேக்டரி ஸ்டோர்கீப்பர். ரஞ்சனி அதே எஸ்டேட்டுல கொழுந்து எடை போடற சூப்பர்வைசர். அவங்கப்பா இலங்கைத் தோட்டத்துலருந்து கப்பல்ல வந்தவரு. அதனால காலையில ஆளுங்களைப் பேர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கறது, எங்களுக்கெல்லாம் மஸ்டரா இருக்கறது, அவளுக்கு இன்னும் பெரட்டுதான். காலை ஏழு மணிப் பெரட்டுல அவ பேர் கூப்பிட்டா, மூணாவது மேடு வரைக்கும் ஆளுங்க பதில் சொல்லுவாங்க. அங்க இல்லாதவங்ககூட ஊட்டுலருந்தே பதில் சொல்லுவாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு. நான் நம்பறேன்.

எடையில அவளை ஏமாத்தறதுக்கு இன்னும் ஆள் பொறக்கல. மூட்டையைத் தராசுல வெக்கறதுக்கு முன்னால ஒரு கையால லேசாத் தூக்குவா. அப்புறம் அந்தக் கையை மூட்டைக்குள்ள முழங்கை வரைக்கும் விடுவா. அடியில முத்தல் இலை இருந்தாலும் சரி, தண்ணி தெளிச்சிருந்தாலும் சரி, ஒரு தடவை ஒருத்தர் ஒரு கல்லே வெச்சிருந்தாரு, அதுவும் சரி, வெளிய வந்துரும். திட்டவே மாட்டா. கல்லை எடுத்து அவரு கையிலயே குடுத்துட்டு அடுத்த மூட்டையைப் பாப்பா. இந்தப் பொம்பளைகிட்டத்தான் நான் பந்தயம் கட்டினேன்.

ஒரு வெள்ளிக்கெழம சாயங்காலம். பீரோ மேல ஒட்டடை அடிச்சுட்டு இருந்தவ ஒரு டப்பாவைக் கீழ எறக்கினா. துணியால தொடைச்சா. மேல குதிரை வீரன் படம். எனக்கு மேலெல்லாம் சிலுத்துருச்சு.

அது சாதாரண டப்பா இல்லைங்க. கோயமுத்தூருல நான் ஒண்டிக்கட்டையா ரூமெடுத்துத் தங்கியிருந்த காலத்துல வாங்கின கம்ப்யூட்டர் கேம். நாலு டிஸ்க்கு. அசல் கம்பெனிச் சரக்கு, ரெண்டாயிரத்து ரெண்டாம் வருசம். பேரு இங்கிலீஷ்ல ரயிலு மாதிரி நீளமா இருக்கும், நான் சுருக்கமா ராஜ்ஜியம்னுதான் சொல்லுவேன். வெறும் பொட்டல் காடு குடுப்பான், பத்து ஆளு குடுப்பான். வெறகு வெட்டி, வயலு வெச்சு, கோட்டை கட்டி, எதிரியை வெரட்டி, ராஜ்ஜியத்தை நடத்தணும். நான் முன்னூறு வருசம் நடத்தினேன். பொண்ணு பாக்கப் போன அன்னிக்கே, உத்தியோகம் என்னன்னு கேக்கறதுக்கு முன்னால, மாமனாருகிட்ட இதைச் சொல்லியிருக்கேன்.

"இருபது வருசமா பீரோ மேல தூங்கற ராஜ்ஜியம்" அப்படின்னா ரஞ்சனி.

எனக்குச் சுருக்குன்னுச்சு. இப்பவே எழுப்பறேன் பாருன்னேன். நம்ம கம்ப்யூட்டருல லினக்ஸ்தானே இருக்கு, இது விண்டோஸுக்குச் செஞ்சதாச்சேன்னு கேட்டா. அது வாஸ்தவம். ஃபேக்டரி ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட கம்ப்யூட்டரு அது. விண்டோஸ் மூச்சு வாங்குச்சுன்னு, கோயமுத்தூருல கம்ப்யூட்டர் படிக்கற எங்க பொண்ணு சுஜாதா போன வருசம் தீபாவளி லீவுல வந்து லினக்ஸ் போட்டுட்டுப் போனா. ஆளுக்கு ஒரு லாகினும் போட்டுக் குடுத்தா. என் லாகின்ல நான் பேப்பர் படிப்பேன். ரஞ்சனி அவ லாகின்ல பெரட்டுக் கணக்கு போடறான்னு நெனச்சுட்டு இருந்தேன்.

"லினக்ஸாவது கினக்ஸாவது. முன்னூறு வருசம் நாட்டை ஆண்டவன் நானு. ரெண்டு நாள்ல ஏத்திக் காட்டறேன்."

ரஞ்சனி தொடைக்கறதை நிறுத்தினா. "சரிங்க. ஞாயித்துக்கெழம பொழுது சாயறதுக்குள்ள ஓட்டிக் காட்டுங்க. ஓடுச்சுன்னா டப்பாவைப் பத்தி வாயே தொறக்க மாட்டேன், இந்தப் பனிக்காலம் முச்சூடும் வெந்நீரும் நானே வெக்கறேன். ஓடலைன்னா திங்கக்கெழமையிலருந்து தை முடியற வரைக்கும் அஞ்சு மணிக்கு நீங்க எந்திரிக்கணும்."

ரெண்டே ரெண்டு கண்டிசன் போட்டா. டப்பாவுல இருக்கற டிஸ்க்குலருந்துதான் ஏத்தணும். ஆள் உதவி கூடாது, போன்ல படிச்சுத் தெரிஞ்சுக்கலாம், ஆனா யாரையும் கேக்கக்கூடாது. நான் சரின்னேன். எடைச் சீட்டு ஒண்ணை எடுத்துப் பின்பக்கம் ரெண்டு கண்டிசனையும் எழுதினா. கடைசியில, 'நாலு டிஸ்க்கு கொண்ட டப்பா ஒன்று, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்'னு ஒரு வரி. கீழ கையெழுத்து போடச் சொன்னா.

போட்டேன். இருபத்தி ரெண்டு வருசமா ஸ்டோர்கீப்பர் நான். ஒரு ஆணி வந்தாலும் எண்ணாம கையெழுத்து போட்டதில்ல. டிரைவருங்க என்னைத் திட்டாத திட்டில்ல. அன்னிக்கு டப்பாவைத் தொறந்துகூடப் பாக்காம கையெழுத்து போட்டேன். கண்ணு முன்னால குதிரை ஓடிட்டிருந்துச்சு.

சனிக்கெழம லீவு போட்டுட்டு உக்காந்தேன். மொத டிஸ்க்கைப் போட்டேன். சுழன்றுச்சு. செட்டப்புன்னு இருந்ததை ரெண்டு தட்டு தட்டினேன். இதை எதுல தொறக்கறதுன்னே எனக்குத் தெரியலைன்னு லினக்ஸ் மரியாதையாச் சொல்லிருச்சு. விண்டோஸா இருந்தா சண்டைக்காவது வரும். இது கையைக் கட்டிட்டு நிக்குது.

போன்ல தேடினேன். விண்டோஸ் சாமானை லினக்ஸ்ல ஓட்டறதுக்கு வைன்னு ஒண்ணு இருக்காம். அதை எறக்கினேன். ஒரு மணி நேரம் ஆச்சு. எறங்கின சந்தோசத்துல ஜன்னல் பக்கம் நின்னு, "வைன் ஏத்தியாச்சு, இனி எல்லாம் தானா ஓடும்"னு சத்தமாச் சொல்லிட்டேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வேலாமணி அக்கா துணி காயப் போட்டுட்டு இருந்தாங்க. பத்து மணிகூட ஆகலையேன்னு அவங்க மொகத்துல தெரிஞ்சுச்சு.

அப்புறம் கருப்பு ஜன்னல். அதுல எழுத்தால கட்டளை போடணும். போன்ல இருந்ததை ஒவ்வொரு எழுத்தாப் பாத்துப் பாத்து அடிச்சேன். மொதல்ல டிஸ்க்குக்குள்ள போன்னு அடிச்சேன், போச்சு. அங்கருந்து செட்டப்பைக் கூப்பிட்டேன், வந்துருச்சு. கோட்டை படம், கொம்பு ஊதற சத்தம். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க, பொய் சொல்லல. டப்பாவுல இருந்த புஸ்தகத்துப் பின்னட்டையில சீரியல் நம்பர் இருந்துச்சு. அதை அடிச்சேன். பச்சைக் கோடு நகர ஆரம்பிச்சுச்சு. முப்பத்தி ஒண்ணு வரைக்கும் போயி நின்னு, ரெண்டாவது டிஸ்க்கைப் போடுன்னுச்சு.

பட்டனை அமுக்கினேன். தட்டு வெளிய வரல. மறுபடி அமுக்கினேன். ம்ஹூம். கருப்பு ஜன்னல்ல கட்டளை போட்டேன், வேலையா இருக்கேன்னு பதில் வந்துச்சு. ஊக்கை விட்டுக் குத்தினேன், தட்டினேன், கெஞ்சினேன். உள்ள மொத டிஸ்க்கு, வெளிய ரெண்டாவது டிஸ்க்கு, நடுவுல நானு. மத்தியானம் வரைக்கும் இதே கதி.

சோத்துக்குக் கூப்பிட வந்த ரஞ்சனி ஒரு நிமிசம் பின்னால நின்னு பாத்தா. "பாய் மேல உக்காந்துட்டே பாயைச் சுருட்டுனா எப்படீங்க வரும்"னு சொல்லிட்டு, ரசத்தை எறக்கப் போயிட்டா.

சாப்படறப்பதான் அது எனக்கு ஒறைச்சுச்சு. நான் டிஸ்க்குக்குள்ள போயி நின்னுட்டு, அங்கருந்தே வேலையைத் தொடங்கியிருக்கேன். ஆள் உள்ள நிக்கறப்ப கம்ப்யூட்டரு எப்படிக் கதவைத் தொறக்கும். பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயி எல்லாத்தையும் நிறுத்தி, இந்தத் தடவை வெளிய நின்னுட்டு செட்டப்பைக் கூப்பிட்டேன். முப்பத்தி ஒண்ணுல நின்னுச்சு. பட்டனை அமுக்கினேன். தட்டு அப்படியே வழுக்கிட்டு வந்துச்சு. அவ சொன்னது உதவியில சேருமான்னு எனக்கே ஒரு சந்தேகம். அவ பாயைப் பத்தித்தான் பேசினா, டிஸ்க்கைப் பத்திப் பேசலன்னு தீர்ப்பு சொல்லிக்கிட்டேன். ஆனா ஒண்ணு, வந்து நின்னது ஒரே நிமிசம். அந்த ஒரு நிமிசத்துல எங்க சிக்கல்னு கண்டுபிடிச்சுட்டா பாருங்க, அந்தக் கண்ணு யாருக்கு வரும்.

ரெண்டாவது டிஸ்க்கு வெண்ணெயாட்டம் போச்சு. அறுபது. மூணாவதைப் போடுன்னுச்சு. டப்பாவுல கையை விட்டு எடுத்துப் போட்டேன். இது இல்லைன்னுச்சு. வெளிய எடுத்துப் பாத்தா, 'எட்டாம் வகுப்பு அறிவியல்: தாவரங்களின் உலகம்'. சுஜாதா ஸ்கூலுல குடுத்த டிஸ்க்கு.

பீரோ, பரண், பொண்ணோட அலமாரி, எல்லா எடத்துலயும் தேடினேன். மூணாவது டிஸ்க்கைப் பாத்தியான்னு ரஞ்சனியைக் கேக்கலாம்தான். கேட்டா வேலை தடுமாறி நிக்குதுன்னு தெரிஞ்சுரும். தலை கிறுகிறுன்னு வந்து கொல்லைப் பக்கம் போயி நின்னேன். மூடுபனி எறங்கிட்டிருந்துச்சு. பட்டாணிப் பாத்தியில குருவி வராம இருக்கறதுக்கு ரஞ்சனி குச்சி நட்டு, நூல்ல பளபளன்னு என்னமோ கட்டித் தொங்க விட்டிருந்தா. அது காத்துல மெதுவாத் திரும்புச்சு. திரும்பின பக்கத்துல ஒரு குதிரை வாலு தெரிஞ்சுச்சு.

நாலு டிஸ்க்கையும் மேல ரெண்டு கீழ ரெண்டா வெச்சா முழுக் குதிரை வரும்ங்க. மூணாவதுல வரும் அந்த வாலு.

என் ராஜ்ஜியம் குருவி வெரட்டிட்டு இருந்துச்சு. கோவம் வந்துச்சு. ஆனா கத்த முடியாதே, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்து போட்டவன் நானாச்சே. பாவம், எந்த டிஸ்க்குன்னு தெரியாம எடுத்துக் கட்டியிருக்கா, மறந்தும் போயிருப்பான்னு நெனச்சுக்கிட்டேன். குனிஞ்சு போயி நூலை அவுத்தேன். அந்த எடத்துல தாவரங்களின் உலகத்தைக் கட்டினேன். நிமிந்தா, வேலி பக்கம் வேலாமணி அக்கா. காலையில வைன் ஏத்தினவன் சாயங்காலம் பட்டாணிப் பாத்தியில தவழறான்னு அவங்க ஒரு முடிவுக்கு வந்திருப்பாங்க.

டிஸ்க்கை வெளிச்சத்துல காட்டினேன். மறுபக்கம் இருந்த மரம் தெரிஞ்சுச்சு. வெயில்ல வெளுத்து, மழையில ஊறி, நத்தை ஊர்ந்த கோடு வேற. பல்பொடி போட்டுத் தேச்சேன், பேஸ்ட் போட்டுத் தேச்சேன், வேட்டி நுனியில எண்ணெய் தொட்டுத் தொடைச்சேன். போட்டா கம்ப்யூட்டரு கரடியாட்டம் உறுமுச்சு. அறுபதுலயே நின்னுச்சு. ராத்திரி படுத்தா, கனவுல பாய்லர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுது.

இனி நான் சொல்லப் போறதுல எனக்குப் பெருமை இல்ல. ஞாயித்துக்கெழம காலையில, டீக்குத் தொட்டுக்க வர்க்கி வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டுக் குன்னூருக்கு பஸ் ஏறினேன். அங்க லூயிஸ்னு ஒருத்தரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வெச்சிருக்காரு. ஊருல பாதிப் பேருக்கு அவருதான் டாக்டர். சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்து அப்போதான் ஷட்டரைத் தூக்கினாரு. என் கேம் பேரைச் சொல்லி, மூணாவது டிஸ்க்கு மட்டும்னு ஆரம்பிச்சேன். அவரு டிராயரைத் தொறந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசை மேல வெச்சாரு.

"இதுல மூணாவது டிஸ்க்கு அப்படியே ஒரே ஃபைலா இருக்கு. இதைத் தொறந்தா, டிஸ்க்கைப் போட்ட மாதிரியே கம்ப்யூட்டரு எடுத்துக்கும்."

எப்படித் தொறக்கறதுன்னும் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தாரு. நான் கேட்டு முடிக்கலைங்க, அதுக்குள்ள. என்ன ஒரு தொழில் சுத்தம்னு வழி நெடுக வியந்துட்டே வந்தேன். இது உங்ககிட்ட எப்படி இருக்குன்னு கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. அவரும் என்னைப் பாத்துச் சிரிச்சுட்டே இருந்தாரு. ஞாயித்துக்கெழம எல்லாரும் சந்தோசமா இருக்கறதுதானேன்னு விட்டுட்டேன்.

சட்டைப் பையில வெச்சா தொவைக்கப் போடறேன்னு சட்டையைக் கழட்டச் சொல்லுவா. அரைக் கிலோ வர்க்கி வாங்கி, பென் டிரைவையும் சீட்டையும் பொட்டலத்துக்கு அடியில சொருகினேன். வாசல்லயே ரஞ்சனி கையை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிட்டா. வாங்கினவ உள்ள போகல. ஒரு கையால லேசாத் தூக்கிப் பாத்தா.

"அரைக் கிலோவாங்க?"

"ஆமா."

"கொஞ்சம் கூட இருக்கே."

கடைக்காரருக்கு நல்ல மனசுன்னு சொன்னேன். அவ கை பொட்டலத்து வாயில நின்னுச்சு. உள்ள விடப் போறா, முழங்கை வரைக்கும் விடப் போறான்னு நான் கண்ணை மூடிட்டேன். விடல. மேலாக ரெண்டு வர்க்கியை எடுத்துட்டுப் பொட்டலத்தை என்கிட்டயே குடுத்து, டப்பாவுல கொட்டி வெச்சுருங்கன்னு சொல்லிட்டுத் துணி தொவைக்கப் போயிட்டா. தப்பிச்சேன்டா சாமின்னு வர்க்கித் தூளைத் தட்டிவிட்டு பென் டிரைவைச் சொருகினேன்.

லூயிஸ் சொன்னபடியே நடந்துச்சு. அறுபதுலருந்து எம்பத்தஞ்சு. நாலாவது டிஸ்க்கு. நூறு. சாயங்காலம் நாலரை மணிக்கு, வெயிலு கேத்தி மலைப் பக்கம் சாஞ்சுட்டிருக்கும்போது, லினக்ஸுக்கு மேல வைன், வைனுக்கு மேல ராஜ்ஜியம், ராஜ்ஜியத்துக்கு மேல நானு. கொம்பு ஊதுச்சு. பொட்டல் காடு வந்துச்சு, பத்து ஆளு வந்தாங்க. இருபது வருசம் கழிச்சும் அதே பத்துப் பேரு, ஒருத்தனுக்கும் வயசாகல. என்னமாச் செஞ்சிருக்கான் பாருங்க அந்தக் காலத்துலயே.

ரஞ்சனியைக் கூப்பிட்டேன். ஈரக் கையைத் தொடைச்சுட்டே வந்து பாத்தா. "சாதிச்சுட்டீங்க"ன்னு சொன்னா. வேலாமணி அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினா. அவங்க எதுக்கும் ரெண்டடி தள்ளியே நின்னு பாத்தாங்க. எனக்குச் சூடா வாழைக்காய் பஜ்ஜி போட்டா. எத்தனை டிஸ்க்கு, எப்படி மாத்துனீங்க, ரொம்பக் கஷ்டமான்னெல்லாம் கேட்டா. நான் ஒரு மணி நேரம் வெளக்கினேன். மூணாவது டிஸ்க்கு கொஞ்சம் தகராறு பண்ணுச்சு, பேஸ்ட் போட்டுத் தேச்சதும் வழிக்கு வந்துச்சுன்னு சொன்னேன். ஆச்சரியமாக் கேட்டுட்டே இருந்தா. இப்படி ஒரு சம்சாரத்தைத் தோக்கடிச்சுட்டமேன்னு மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாக்கூட இருந்துச்சு. அன்னிக்கு நல்லாத் தூங்கினேன்.

திங்கக்கெழம காலையில யாரோ என் கம்பளியை இழுத்தாங்க.

"ஏனுங்க. எந்திரிங்க. அஞ்சாச்சு, தண்ணி காயணும்."

நான் தூக்கத்துலயே சிரிச்சேன். "ஏம்புள்ள, மறந்துட்டியா? ஜெயிச்சது நானு."

அவ கட்டிலோரம் உக்காந்தா. பெரட்டுக் குரல் இல்லாம, சாதாரணக் குரல்லயே பேசினா. அதுதான் பயமா இருந்துச்சு.

"மூணாவது டிஸ்க்கு மார்ச் மாசத்துலருந்து வெயில்லயும் மழையிலயும் தொங்குச்சு. அதுலருந்து யாராலயும் ஏத்த முடியாது. ஏத்த முடியலைன்னா நீங்க தோத்தீங்க. ஏத்திட்டீங்கன்னா ஆள் உதவி. எப்படிப் பாத்தாலும் தண்ணி உங்களுதுங்க."

எனக்குத் தூக்கம் போச்சு. ஆள் உதவின்னு எப்படிச் சொல்லுவே, பேஸ்ட் போட்டுத் தேச்சேனேன்னேன்.

"வர்க்கி அரைக் கிலோ இல்ல. அடியில என்னமோ இருந்துச்சு. எடுத்து உங்க கையில குடுத்தா சங்கடப்படுவீங்கன்னு உட்டுட்டேன்." என் கம்பளியை இன்னும் கொஞ்சம் இழுத்தா. "அப்புறம், லூயிஸ் அண்ணன் குடுத்தது என்னோட பென் டிரைவுங்க. திருப்பி வாங்கிக்கறேன். பட்டாணிப் பாத்தியில தொங்க உடறதுக்கு முன்னால நாலு டிஸ்க்கையும் அவருகிட்டக் குடுத்துக் காப்பி எடுத்து வெச்சேன். பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்ன சாமானு. அதை அப்படியே வீணாப் போக உட்டுருவனா?"

இதைச் சொல்லியே ஆகணும்ங்க. அந்தக் குளுருல, கம்பளி பாதி கீழ கெடக்க, எனக்கு அவ மேல அம்புட்டு ஆசை வந்துச்சு. கையெழுத்து வாங்கினது, டிஸ்க்கை மாத்தினது, லூயிஸ்கிட்டச் சொல்லி வெச்சது, பொட்டலத்து வாயில கையை நிறுத்தினது, ஒண்ணொண்ணா நெனச்சுப் பாத்தேன். முன்னூறு வருசம் ராஜ்ஜியம் நடத்தினவன் நானு. இப்படி ஒரு கோட்டையை எவனும் கட்டி நான் பாத்ததில்ல. சந்து பொந்து ஒண்ணு இல்ல. எங்க போனாலும் பாய்லர்லதான் வந்து நிக்குது.

எந்திரிச்சேன். கொல்லையில புல்லு காலுக்கடியில நொறுநொறுன்னுச்சு. தாவரங்களின் உலகம் பனி பூத்துத் தொங்கிட்டிருந்துச்சு. வெறகை அடுக்கி, ஊதி, இருமி, கண்ணு எரிஞ்சு, ஒரு வழியாப் பத்த வெச்சுட்டு உள்ள வந்தா, ரஞ்சனி ஒரு கையில டீயோட கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருந்தா. பெரட்டுக் கணக்கு போடறான்னு நெனச்சேன்.

அவ லாகின். அதே கொம்புச் சத்தம். ஆனா பொட்டல் காடு இல்ல. தெரு தெருவா ஊடு, நாலு பக்கமும் கோட்டை, மலைச் சரிவு பூராவும் வரிசை பிடிச்ச மாதிரி வயலு. சும்மா நிக்கற ஆள் ஒருத்தன்கூட இல்ல. மேல வருசம் போட்டிருந்துச்சு. நானூத்தி பன்னெண்டு. என்னோட மகா சாதனை முன்னூறு.

"இதை எப்போ ஏத்தினே?"

"காப்பி எடுத்த வாரமே, வைனோட சேத்து என் லாகினுக்குள்ள மட்டும். இருபது வருசமா அதுக்குள்ள என்னதான் இருக்குன்னு பாக்க வேணாமா?"

யாரை எங்க நிறுத்தியிருக்கான்னு குனிஞ்சு பாத்தேன். ஓரத்துல, கெணத்துலருந்து அரண்மனைக்குக் கொடம் கொடமாத் தண்ணி சொமந்துட்டு ஒருத்தன் நடந்துட்டே இருந்தான். அந்த ஆட்டத்துல ஆளுங்களுக்கு நாமளே பேரு வெக்கலாம், வெச்ச தேதியும் பக்கத்துல நிக்கும். அவன் மேல மவுஸ் அம்பை வெச்சுப் பாத்தேன்.

மனோகரன். மார்ச் பதினாலு.